தம்பியின் நாலு நிமிஷப் பரலோகம்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

தம்பி செத்துப் பிழைத்து இன்றோடு பத்தொன்பது நாள். காலையில் போன் எடுத்து, இடியப்பத்துக்குச் சொதி வைத்துக்கொண்டு வரட்டாம். பரலோகம் போய் வந்தவனுக்குக் கடைச் சொதி இறங்காது போலிருக்கிறது.

களுபோவில ஆஸ்பத்திரியில் தம்பி சவுந்தரநாயகத்தின் இதயம் நாலு நிமிஷம் நின்றது. நெஞ்சை அமத்தி, கரண்ட் கொடுத்து எழுப்பினார்கள். மூன்றாம் நாள் பேச்சு வந்ததும், "நான் ஒரு இடத்துக்குப் போய் வந்தனான்" என்று தொடங்கினான். அடுத்த கட்டில்காரருக்கு ஜெபிக்க வந்திருந்த கொட்டாஞ்சேனைப் பாஸ்டர் தர்ஷனின் காதில் அது விழுந்தது. அன்றே என் தம்பி சாட்சிக்காரன் ஆனான்.

அறுபத்தொரு வயது வரை கிறிஸ்மசுக்கும் கலியாணங்களுக்கும் மட்டும் சேர்ச்சுக்கு வந்தவன். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்கு நடுவில் முப்பது வருஷம் வேலை பார்த்ததால் நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் அவனுக்கு ஏறாது. நானோ முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவள். காய்ச்சல் என்றாலும் ஞாயிறு ஆராதனை தவறவிட்டதில்லை. பரலோகத்தைக் காட்டியது அவனுக்கு.

பொறாமையா? இல்லை.

சரி, கொஞ்சம்.

பெப்ரவரி 14, வெள்ளி

மூன்று நாளாக யூடியூப்பில் பரலோகம் பார்க்கிறேன். இதுவரை பதினொரு பேருடையது. ஒரு அமெரிக்கப் பெண்ணுக்குப் புல்வெளியும் அவள் சின்ன வயதில் வளர்த்த குதிரையும். ஒரு கேரளத்து வாலிபனிடம் தேவதூதர்கள் மலையாளத்திலேயே பேசினார்கள். ஒருவருக்குப் பொன் தெரு, இன்னொருவருக்குத் தெருவே இல்லை, வெறும் இசை. பரீட்சைத் தாளாக இருந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்று மட்டும் சான்றிதழ் கொடுக்கலாம்.

லாசரு நாலு நாள் கல்லறையில் கிடந்தவர். வெளியே வந்தபின் ஒரு வார்த்தை சொன்னதாக எங்கும் எழுதியில்லை. பவுல் மூன்றாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு, கேட்டவை சொல்லக்கூடியவை அல்ல என்று நிறுத்திக்கொண்டார். என் தம்பி நாலு நிமிஷம் போனவன். 23ஆம் திகதி கொட்டாஞ்சேனையில் முக்கால் மணித்தியாலம் பேசப்போகிறான். போஸ்டர் அடித்தாயிற்று. படத்தில் அவன் தலைக்குப் பின்னால் முகில் வைத்திருக்கிறார்கள். அது ஓய்வுபெற்ற அன்று கந்தோரில் எடுத்த படம். முகிலுக்குள்ளும் கழுத்தில் ரை கட்டியிருக்கிறான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

போய் வந்தேன். மேல்மாடி மண்டபம், ஏசி, கிற்றார், டிரம்ஸ், சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள். எங்கள் மெதடிஸ்த சபையில் ஒரு வருஷத்தில் சொல்லும் அல்லேலூயாவை இங்கே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

தம்பி நன்றாகத்தான் பேசினான். பரந்த வெளியாம். வெளிச்சம் இருந்ததாம், ஆனால் ஒன்றுக்கும் நிழல் இல்லையாம். சீனி வருத்தத்தால் இரண்டு வருஷமாக ஆறாத காற்புண் அங்கே நோகவில்லையாம். தூரத்தில் வெள்ளை உடுப்போடு ஒருவர். முகம் தெரியவில்லை. பிறகு ஒரு குரல்: "மகனே, உன் வேளை இன்னும் வரவில்லை. நீ திரும்பிப் போய்ச் சாட்சி சொல்."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. நான் தட்டவில்லை. அந்த வசனத்துக்கு முன் தம்பி பாஸ்டரின் முகத்தைப் பார்த்தான். வேறு யாரோ சொல்லிக் கொடுத்த விடையைச் சொல்லும் பிள்ளை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அதோடு, வாழ்நாளில் அவன் "வேளை" என்ற சொல்லைப் பாவித்ததில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

ஹெவ்லொக் டவுனில் அவன் வீட்டுக்குப் போனேன். மகள் யதுஷா வேலைக்குப் போயிருந்தாள். சொதியை மேசையில் வைத்துவிட்டு நேரே கேட்டேன்.

"அந்தக் குரல் ஆரின்ர குரல்?"

"ஏன் அக்கா?"

"சொல்லு."

கொஞ்ச நேரம் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "பாக்கியத்தின்ர குரல்" என்றான்.

பாக்கியலெட்சுமி. அவன் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் கான்சரில் போனவள். கடைசி வரைக்கும் சைவம்.

"இருந்து சீப்பால தலை இழுத்துக்கொண்டிருந்தவ, அக்கா. முழுத் தலைமயிரும் இருந்தது. பொட்டும் வச்சிருந்தவ. என்னைக் கண்டிட்டு, 'இப்ப ஏன் வந்தனீங்கள்? யது அங்க தனிய எல்லே' எண்டு ஏசினவ. அவ்வளவுதான். பிறகு நெஞ்சு நொந்தது, முழிச்சிட்டன்."

"சாட்சி சொல்லு எண்டது?"

"பாஸ்டர்தான் சொன்னவர். சனத்துக்குக் குழப்பமா இருக்கும், அந்தத் துண்டை விடுவம் எண்டு."

ஆக, என் தம்பி மனைவி ஏசிய ஏச்சை ஆண்டவரின் வாயில் வைத்து, பழைய வேதாகமத் தமிழில் பெயர்த்துவிட்டார்கள். சிரிக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொதிச் சட்டியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

பெப்ரவரி 26, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 1, சனி

இருக்கிறது. எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

2022 யூன். நாடு பெற்றோல் வரிசையில் நின்ற நாட்கள். பஸ்ஸும் இல்லை, ஓட்டோவும் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலைக்கு வெயிலில் நடந்து போனேன், ஒரு ஆத்துமாவைக் காப்பாற்ற. அந்த நடையைப் பற்றிப் பிறகு சேர்ச்சில் மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பாக்கியம் வார்ட்டில் கிடந்தாள். தலையில் ஒரு மயிர் இல்லை. நெற்றியில் சின்னப் பொட்டு. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பாக்கியம், இப்பவாவது ஞானஸ்நானம் எடுங்கோ. இல்லாட்டிச் சவுந்தரத்தை அங்க நீங்கள் காணமாட்டீங்கள். அவன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்தான்."

அன்பாகத்தான் சொன்னேன். அதுதான் மோசம். கோபத்தில் சொல்லியிருந்தால் அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "களைச்சுப் போய் வந்திருக்கிறியள். தண்ணி குடியுங்கோ மச்சாள்" என்றாள். ஒன்பது நாளில் போய்விட்டாள்.

இப்போது பார். தம்பி கண்டது உண்மையென்றால், சாகக் கிடந்த ஒருத்தியிடம் நான் பொய் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறேன். மூளைக்குப் பிராணவாயு குறைந்ததால் வந்த மயக்கம் என்றால், நான் சொன்னது அப்படியே நிற்கிறது. அவள் எங்கேயோ தனியாக. இதை நிரூபிக்கத்தானா அந்தப் பதினொரு பேரையும் திருத்திப் புள்ளி போட்டேன்? எது சரியாக இருக்கவேணும் எண்டு நான் ஆசைப்படுறன்? ஆண்டவரே, எனக்கே தெரியேல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகரிடம் கேட்டேன். என்னைப் பற்றி இல்லையாம், பொதுவாகக் கேட்கிறேனாம்.

"ஞானஸ்நானம் எடுக்காத நல்ல மனுசர் எங்க போவினம், ஐயா?"

"அதை ஆண்டவரிட்ட விடுவம் டீச்சர்" என்றார் அவர்.

நல்ல விடை. முப்பத்துநாலு வருஷத்தில் நான் ஒரு பிள்ளைக்கும் கொடுக்காத விடை. நான் எதையும் ஆண்டவரிடம் விட்டதில்லை. அவருக்கு வேலை கூட என்று நானே தீர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

கனவிலாவது வருவாளா என்று பார்த்தேன். எனக்குக் கனவில் வந்தது மின்சாரசபை.

மார்ச் 30, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் இரண்டாவது கூட்டம். போக விருப்பமில்லை. "நீங்கள் வரவேணும் அக்கா" என்று தம்பி இரண்டு தரம் போன் எடுத்தான்.

வெளி, வெளிச்சம், காற்புண், எல்லாம் போன தரம் போலவே. குரல் வரும் இடத்தில் நின்றான். இந்தத் தரம் பாஸ்டரைப் பார்க்கவில்லை.

"போன முறை நான் ஒரு விசயத்தை மாத்திச் சொன்னனான். என்னோட கதைச்சது ஆண்டவர் இல்லை. என்ர மனுசி. அவ சைவம். ஞானஸ்நானம் எடுக்கேல்லை. ஆனா அங்கதான் இருந்தவ. நான் கண்டனான்."

அல்லேலூயா ஒன்று பாதியில் நின்றது. முன் வரிசையில் ஒரு அம்மா, "கடைசி நேரத்தில ஏற்றுக்கொண்டிருப்பாவோ?" என்று உதவி செய்யப் பார்த்தார். "இல்லை அம்மா" என்றான் தம்பி, மிகவும் மரியாதையாக.

பாஸ்டர் தர்ஷன் சிரித்தபடியே மைக்கை வாங்கினார். ஐயாவுக்கு அந்த நேரம் கனக்க மருந்து ஏற்றியிருந்ததாம், சில காட்சிகள் மயக்கத்தில் வருமாம், பகுத்தறிய வேண்டுமாம். கிற்றார் தொடங்கியது. ஆக, ஒரே நாலு நிமிஷத்தில் முதல் பாதி தேவனிடமிருந்து, மற்றப் பாதி ஊசியிலிருந்து. இவ்வளவு சுத்தமாகப் பிரிக்கத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் அல்லவா வேலை செய்ய வேண்டும்.

இந்தத் தரம் எங்களுக்குத் தேத்தண்ணி தரவில்லை. படி இறங்கி ஓட்டோ பிடித்தோம். காலிமுகத்திடல் தாண்டுகையில் சொன்னேன். பாக்கியத்திடம் நான் சொன்னதை, சொல்லுக்குச் சொல். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கே அவ சொன்னவ. 'மச்சாள் பாவம். நான் இல்லாட்டி அங்க போய் ஆரைத் திருத்தப்போறா' எண்டு சிரிச்சவ."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அவன் சொன்னான்: "பிறகு அழுதவ. 'உண்மையா உங்களைக் காணமாட்டனோ' எண்டு கேட்டவ. விடியும்வரை கேட்டவ."

பம்பலப்பிட்டியில் தம்பி என் பக்கம் திரும்பினான்.

"அதுக்குப் பிறகு ஆறு மாசம் நான் உங்களோட கதைக்கேல்லை. கவனிச்சனீங்களோ?"

கவனிச்சன். மனுசி செத்த துக்கம் எண்டு நினைச்சன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். அவனுக்காக ஜெபிக்கக்கூடச் சொல்லி—

இனி எழுத முடியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. போனேன். பாடினேன். நம்புகிறேன். இன்றைக்கு அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

யதுஷாவிடம் சொன்னேன். தம்பி வேண்டாம் என்றான். "எனக்குத் தெரிஞ்சது போதும், அவளை விடுங்கோ" என்றான். ஆனால் தாயின் திவசத்துக்கு மாமி ஏன் வருவதில்லை என்று இரண்டு வருஷமாகக் கேட்டவள் அவள்தான். முழங்கால் நோ என்றுதான் இரண்டு வருஷமும் பதில் சொன்னேன்.

முழுதையும் கேட்டாள். முப்பது வயதுப் பிள்ளை, வங்கியில் எத்தனையோ பேரைச் சமாளிப்பவள். "அம்மா அந்தக் கிழமை முழுக்க ஏன் அப்பாட கையை விடேல்லை எண்டு இப்பதான் விளங்குது" என்றாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன்.

மே 12, திங்கள்

வெசாக். தெரு முழுக்க வெளிச்சக் கூடு. யது போன் எடுக்கவில்லை. பதினாறு நாள். நியாயம்தான்.

மே 29, வியாழன்

யது போன் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை. "மாமி, ஆறாந்திகதி அம்மாட திவசம். ஐயர் பத்துக்கு வருவார். நீங்கள் ஏழு மணிக்கே வாங்கோ. மரக்கறி வெட்ட ஆள் இல்லை."

முழங்கால் எப்படி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யூன் 6, வெள்ளி

ஆறே முக்காலுக்குப் போய்விட்டேன். குளித்து, வெள்ளைச் சேலை. சமையலறை நிலத்தில் பேப்பர் விரித்து, நடுவில் வாழைக்காய், பயற்றங்காய், பூசணி. யது எதிரில் இருந்தாள். தம்பி வேட்டியோடு அங்குமிங்கும் நடந்து ஒன்றும் உதவாமல் உதவிக்கொண்டிருந்தான்.

வாழைக்காயை நான் வெட்டினேன், பயற்றங்காயை அவள். பிறகு யது தலை நிமிராமல் கேட்டாள்.

"மாமி, அப்பா சொல்லுற மாதிரி அம்மா அங்க இருப்பாவோ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முப்பத்துநாலு வருஷ விடை இருக்கிறது. அதிகார எண், வசன எண் எல்லாத்தோடும். வாய் திறந்தேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "இருக்கவேணும் எண்டு ஆசையா இருக்கு."

அவள் என் பக்கத்துப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"வாழைக்காயை இன்னும் மெல்லிசா வெட்டுங்கோ" என்றாள். "அம்மாவுக்கு மொத்தமா இருந்தாப் பிடிக்காது."