வினோதாவின் கணக்குப் பரீட்சை

வினோதா அப்பாவுக்கு,

மகளின் டி.சி.யைக் கேட்டு நீங்கள் துபாயிலிருந்து அனுப்பிய கடிதத்தோடு உங்கள் அண்ணன் நேற்று பள்ளிக்கு வந்தார். "வலிப்பு வர்ற புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்றார். தகவல் கிடைத்து ஓடிப்போன நான், தலைமையாசிரியை முன்னாலேயே அந்தக் கடிதத்தை வாங்கிக் கிழித்துவிட்டேன்.

காரைக்கால் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். மூளையில் மற்ற செல்களை அடக்கி வைப்பதற்கென்றே சில செல்கள் உண்டாம். அவை தளர்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் துடித்து வலிப்பு வருமாம். சிக்கலான விஷயங்களை யோசிப்பதற்கும் அவைதான் வேண்டுமாம்.

"அப்ப எம்பொண்ணால படிக்க முடியாதாங்க?" என்றேன்.

"அதுக்குத்தாம்மா மாத்திரை. பள்ளிக்கூடம் அனுப்புங்க" என்றார்.

இப்போது கோட்டுச்சேரிப் பள்ளியில் அவள் கணக்குப் பரீட்சை எழுதுகிறாள். நான் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தை என்னிடம் காட்டுங்கள். அவளிடம் எப்படி எழுதினாய் என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா