துண்டை எறியச் சொன்னது நான்தான்

அன்புள்ள மகன் கிருஷாந்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் அப்பா, சசி, நான் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அந்த வெயில் நாட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை முழுதாகச் சொல்ல விடுவதில்லை, பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். கஹவத்தையில் கடை வைத்திருக்கிற கபூர் நானாவின் மகன் இப்திகார் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிட்டால் கடைசி வரி வரை நீ படித்துத்தானே ஆக வேண்டும். இங்கே விடாத மழை, ரப்பர் மரம் நனைந்து கிடப்பதால் பால் வெட்டு பாதி நாள் இல்லை. அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு லயத்து வீட்டு வரிசை முழுக்க வாசம் வீசுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரத்தினபுரி குத்துச்சண்டைப் போட்டியில் அம்மா எல்லார் முன்னாலும் கத்தி, ஜெயிக்க இருந்த தங்கச்சியைத் தோற்கடித்துவிட்டாள் என்று யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள், நீயும் "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டாய். நடந்ததை என்னிடம் கேள். சசி பள்ளிக்கூடம் விட்டுப் பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம் நானும் கூடப் போய் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எதை எப்படிப் போட வேண்டும் என்பது எனக்கும் பழகிவிட்டது. பல்லுக்குப் போடும் ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து அச்செடுத்தது நம் வீட்டு அடுப்பில்தான். அவள் கைக்குத் துணிப்பட்டி சுற்றிவிடுவதும் நான்தான். தலைக்கவசம் மட்டும்தான் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அது கிளப்புடையது, பெரிய பையன்களுக்கு வாங்கியது, தாடைக்குக் கீழே ஒட்டுகிற பட்டி தேய்ந்து பிடிப்பே இல்லை. கோச் சேர் பழைய ராணுவக்காரர், நல்ல மனுசன், அவரும் புதிது கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் டேப் ஒட்டித்தான் சமாளித்தார்.

அன்றைக்கு முதல் சுற்றில் சசி ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும், எதிரில் நின்ற பிள்ளை கிட்டவே வர முடியவில்லை. இரண்டாவது சுற்றில் தலைக்கவசம் திரும்பி ஒரு கண்ணை மூடிவிட்டது. நடுவர் நிறுத்திச் சரிசெய்தார், இடைவேளையில் கோச் சேர் மறுபடி டேப் சுற்றினார். கடைசிச் சுற்றில் அது மறுபடியும் திரும்பியது, இந்த முறை நடுவர் பார்க்கவில்லை. இவள் குருட்டாம்போக்கில் கையை வீசுகிறாள், அந்தப் பிள்ளையின் குத்து நெற்றிப்பொட்டில் விழுகிறது, ஒன்று, இன்னொன்று. நான் எழுந்து, வளையத்தின் மூலையில் நின்ற கோச் சேரிடம் ஓடினேன். பதற்றத்தில் சிங்களம்தான் வாயில் வந்தது, "நவத்தன்ன சேர், நவத்தன்ன!" நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன். சேர் என் முகத்தைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை உள்ளே எறிந்துவிட்டார். துண்டு விழுந்தால் தோல்விதான், அது எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் சசி என் பக்கத்தில் உட்காரவில்லை. பெல்மதுளை தாண்டியதும் திரும்பிப் பார்த்து, "நான் ஜெயிச்சிக்கிட்டு இருந்தேம்மா, நீங்கதான் தோக்க வச்சீங்க" என்றாள். "ஆமா, நான்தான். கண்ணு மறைஞ்சா அடுத்த தடவையும் நிப்பாட்டத்தான் செய்வேன்" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அதற்குப் பிறகு பட்டி சுற்ற என்னிடம் கையை நீட்டவில்லை. பயிற்சிக்குப் போனாலும் துணிப்பட்டியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே சுற்றிக்கொள்வாள், கோணல்மாணலாக இருக்கும். உள்ளுக்குள் வேதனைதான், ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நிமிசம்கூடத் தோன்றவில்லை.

கோச் சேர் சும்மா இருக்கவில்லை. அந்தத் தலைக்கவசத்தையே டேப்போடு கொண்டுபோய்ப் கிளப் பெரியவர்களின் மேசையில் வைத்து, "இதை உங்கள் மகளுக்குப் போடுவீர்களா" என்று கேட்டாராம். பிள்ளைகளின் தலை அளவு எடுத்துப் புதியவை வந்தன. வந்த அன்று சசி அதைப் போட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், குனிந்து குதித்தாள், அசையவில்லை. அப்புறம் நேராக என்னிடம் வந்து துணிப்பட்டியையும் நீட்டிக் கையையும் நீட்டினாள். பெருவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்கெல்லாம் கொண்டுவந்து முடித்தேன். கையை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க சுத்துனாத்தாம்மா சரியா இருக்கு" என்றாள். எனக்கு அது போதும்.

போன வாரம் நிவித்திகலயில் ஆடினாள். மூன்று சுற்றும் நின்றாள், மூக்கில் ஒரு குத்து வாங்கிக் கொஞ்சம் ரத்தமும் வந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. நடுவர் தூக்கியது சசியின் கையைத்தான். கவசம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. "அது வெட்டுக்காயத்தைத்தான் குறைக்கும், தலை குலுங்குவதைத் தடுக்காது, அதற்குக் கண் பார்த்துத் தலை விலக வேண்டும்" என்று கோச் சேரே சொல்கிறார். அதனால்தான் நான் பக்கத்தில் இருக்கிறேன். அவள் ஆடுவாள் மகனே, அப்பாவும் சம்மதம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை பேசு, அண்ணன் வாயால் கேட்க ஆசைப்படுகிறாள், கேட்கத்தான் கூச்சம்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே, அம்மன் உன் கூடவே இருப்பாள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இன்னும் ஒன்று. நீ வேலையிடத்தில் எடுத்து அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கிக் காட்டினார். அத்தனை உயரக் கட்டடச் சாரத்தில் நிற்கிறாய், தலையில் மஞ்சள் தொப்பி இருக்கிறது, அதன் வார் தாடைக்குக் கீழே கட்டாமல் தொங்குகிறது. அதைக் கட்டி ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு, தங்கச்சிக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று நீ சொல்வதை நான் கேட்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
விஜயகலா ஏழுமலை