அக்கா பெயருக்கு வந்த ஒட்டுமா

12-11-58, புதன். விடாத தூறல்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுவேன். கேட்காததைக் கேட்டதாகவோ பார்க்காததைப் பார்த்ததாகவோ எழுத மாட்டேன்.

காரணம்: அக்கா போன பிறகு எல்லோரும் அம்மாவிடம் ஏதேதோ சொல்கிறார்கள். போன வாரம் ஊரிலிருந்து வந்த அத்தை, கொல்லைப்பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டாள். யாராவது ஒருத்தி உண்மையை ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டாமா.

இன்று மண்டபம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தான். "சௌந்தரம்னு பேர் போட்டு ஒரு செடிக்கூடை கெடக்கு. ஈரமா இருக்கு, சீக்கிரம் எடுங்க."

சௌந்தரம் என் அக்கா. புரட்டாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். பதினெட்டு வயது.

செடிக்கு எழுதிப் போட்டது ஆவணியில். அய்யாவின் அரிசிக்கடையில் யாரோ விட்டுப்போன காட்லாக். சேலம் பக்கத்து நர்சரி. நானும் அவளும் ஒரே பாயில் படுத்து, அட்டை பிய்கிற வரைக்கும் புரட்டினோம். எனக்கு ஒரு சிவப்பு ரோஜா. அவளுக்கு மல்கோவா ஒட்டுமா. மல்கோவாவை அவள் சாப்பிட்டதே இல்லை, படத்தில் பார்த்ததுதான். "காய்க்கிறதுக்குள்ள என்னைக் கட்டிக் குடுத்துருவாக. நீ பழத்தைக் கூடையில தச்சு ரயிலேத்தி விடு" என்றாள். கையெழுத்து அழகு என்று அய்யா அவள் பெயரிலேயே எழுதச் சொன்னார்.

அய்யாவும் நானும் போனோம். பார்சல் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பேர் போட்டவுகதான் கையெழுத்துப் போடணும்" என்றார்.

அய்யா, "அவ வரமாட்டா."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"ஆமா."

"சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க."

அய்யா சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான்தான், "நான் அவ தங்கச்சி, நான் போடுறேன்" என்றேன். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார், அய்யாவின் மழிக்காத தாடியைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தந்தார்.

13-11, வியாழன். மழை நின்றது. காற்று.

பள்ளிக்குப் போகவில்லை. கூடையைப் பிரித்தோம். சாக்குத் தையல், அதற்குள் வைக்கோல், அதற்குள் ஈரத் தேங்காய் மட்டை. என் ரோஜா கருகிப்போய், தொட்டால் ஒடிகிறது. மாங்கன்றுக்கு இலை ஒன்றுகூட இல்லை, எல்லாம் வழியில் உதிர்ந்து கூடைக்கடியில். ஆனால் தண்டு பச்சை. கழுத்தில் ஒரு தகரச் சீட்டு, கம்பியில் கட்டியது. அதில் குத்தி எழுதியிருக்கிறது: மல்கோவா. அதற்குக் கீழே சௌந்தரம், மண்டபம்.

அக்கா பெயரைத் தகரத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கூட ஒரு அச்சிட்ட தாள். நான் உரக்கப் படித்தேன்:
— ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.
— குச்சி நட்டுக் கட்டவும். நிழல் தேவை.
— ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது அடிச்செடி. உடனே கிள்ளிவிடவும். விட்டால் மேலே உள்ள ஒட்டு பட்டுப்போகும்.
— செடி பழுதானால் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தால் வேறு அனுப்பப்படும்.

அம்மா அடுப்படியை விட்டு வந்து நின்றது எனக்குத் தெரியாது. புரட்டாசிக்குப் பிறகு அவள் கொல்லைக்கு வந்ததே இல்லை. செடியை அய்யா கையிலிருந்து வாங்கினாள். அக்கா உட்கார்ந்து தலை ஆற்றுகிற துவைகல் பக்கம் தானே குழி தோண்டி வைத்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று குடிக்கிற தண்ணீரை ஊற்றினாள். அய்யா தடுக்கவில்லை. நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம்.

கொல்லைக் கரண்டு விளக்கு: அக்கா போன நாளிலிருந்து விடிய விடிய எரிகிறது. அம்மா அணைக்க விடுவதில்லை. "இருட்டுல எங்கனன்னு தேடுவா" என்கிறாள். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக என் நோட்டில் விழுகிறது. அதில்தான் எழுதுகிறேன்.

17-11, திங்கள். வெயில்.

நர்சரிக்கு ரோஜாவைப் பற்றிக் கார்டு எழுதினேன். "தாங்கள் அனுப்பிய ரோஜா கருகியிருந்தது." கடைசியில் யார் பெயர் போடுவது? அவர்களுக்குத் தெரிந்தது சௌந்தரம் மட்டும். "சௌந்தரத்துக்காக, தங்கை வசந்தா" என்று போட்டேன். ஏன் அவளுக்காக நான் எழுதுகிறேன் என்று எழுதவில்லை. அது பொய்யில் சேராது என்று நினைக்கிறேன்.

அத்தை மறுபடி வந்திருக்கிறாள். செடியைப் பார்த்துவிட்டு, "பாத்தீகளா மதினி. அவ போயி எத்தனை நாளு கழிச்சு, அவ பேரைப் போட்டு வீடு தேடி வந்துருக்கு. கன்னியாப் போன புள்ள எங்கிட்டுப் போகும்? இங்கனதான் சுத்தும்" என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுச்சேலை, பெட்டி, பூ. பெரியதாத்தா வீட்டுப் பெட்டியை ஒருமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு சின்னப் பாவாடை இருந்தது.

அம்மா அக்காவின் மஞ்சள் தாவணியில் ஒரு ஓரத்தைக் கிழித்துக் குச்சியில் கட்டினாள். கிழிபடுகிற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

23-11, ஞாயிறு. மந்தாரம்.

துளிர்த்துவிட்டது. ரெண்டு துளிர், தாமிர நிறம், பளபளவென்று. அம்மாதான் முதலில் பார்த்தாள். "வந்துட்டா, வந்துட்டா" என்று அய்யாவைக் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை, ரகசியம்போல.

மத்தியானம் அம்மா சோறு சாப்பிட்டாள். மறுசோறு வாங்கினாள். என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தலை பின்னினாள், அக்காவுக்குப் பின்னுகிற மாதிரி இறுக்கி. வலித்தது.

ரெண்டு துளிரும் ஒட்டுக்குக் கீழே.

தாளை எடுத்து மறுபடி படித்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். கீழேதான். மேல் தண்டில் ஒன்றும் இல்லை. நகத்தால் லேசாகக் கீறினேன். உள்ளே இன்னும் பச்சை.

சாயங்காலம் அய்யாவிடம் கடையில் வைத்துச் சொன்னேன். அவர், "நமக்குக் கொட்டையப் போட்டா மரம். ஒட்டுக்கிட்டெல்லாம் எனக்குத் தெரியாது. பச்சையா இருக்குல்ல?"

"அது வேற மரம் அய்யா. காட்டு மா. அக்கா கேட்டது மேல இருக்கது."

வெகுநேரம் அரிசியை அளைந்துகொண்டிருந்தார். "இன்னிக்கு உங்கம்மா சோறு தின்னா. பாத்தியா? அதைத் தொடாத."

24-11, திங்கள்.

பள்ளியில் என் பெஞ்சுக்காரி, "உங்கக்கா காய்ச்சா எனக்கு ரெண்டு குடு" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அம்மா செடியைச் சௌந்தரம் என்று கூப்பிடுவது வேலிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கிறது.

சயின்ஸ் டீச்சரிடம் யார் வீட்டுச் செடி என்று சொல்லாமல் கேட்டேன். "வேருக்குப் பக்கத்துல இருக்கது முதல்ல குடிச்சிரும். மேல உள்ளது பட்டினி கெடந்து செத்துரும். கிள்ளிரும்மா" என்றார்.

26-11, புதன். மழை வரும்போலக் காற்று.

கீழ்த்துளிர் ஒரு சாண். இலை விரிந்துவிட்டது. மேல் தண்டு நுனியிலிருந்து பழுப்பு இறங்கி வருகிறது. கீறிப் பார்த்தால் பச்சை ஒரு நூல் அளவுக்குத்தான்.

அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து பேசுகிறாள். கேட்டதை எழுதுகிறேன்: "கடைசியில தண்ணி கேட்டியே. டாக்டர் குடுக்காதீகன்னாருன்னு குடுக்கல. இப்பக் குடி. எம்புட்டு வேணுமோ குடி."

யார் குடிக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அக்காவுக்கு ஊற்றுகிற தண்ணீரை யாரோ ஒருத்தி நின்று குடித்துக்கொண்டிருக்கிறாள். அக்கா மேலே நாக்கு வறண்டு நிற்கிறாள்.

அம்மா நல்ல தண்ணீருக்குப் போனபோது பென்சில் சீவுகிற பிளேடால் ரெண்டையும் அறுத்தேன். பால் வடிந்தது. மாங்காய் வாசனை. துளிர்களைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

27-11, வியாழன். கனத்த மழை.

அம்மா அழவில்லை. மழையில் நனைந்துகொண்டே அதைப் பார்த்து நின்றாள். பிறகு உள்ளே வந்து, "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றாள்.

அத்தை: "சேலை எடுத்து வைக்கலைல்ல மதினி, அதான். குடுத்ததை அவளே திருப்பி எடுத்துக்கிட்டா."

அய்யா என்னைப் பார்த்தார்.

அம்மா என்னிடம், "நீ எதுவும் பாத்தியா, வசந்தா? ஆடு கீடு?"

"இல்லம்மா" என்றேன்.

நான் சொன்னது இது. இல்லாததைச் சொல்கிறாள் என்று அத்தையைக் குறை சொன்னேனே. அம்மா இன்று சாப்பிடவில்லை.

இன்னொன்று. இதையும் நடந்தபடி எழுத வேண்டும். விளக்கு வைத்த பிறகு கொலுசுச் சத்தம் கேட்டது. துவைகல் பக்கம். விட்டு விட்டு. நானே கேட்டேன்.

28-11, வெள்ளி.

காலையில் போய்ப் பார்த்தேன். தகரச் சீட்டுதான். காற்றில் ஆடிக் குச்சியில் தட்டுகிறது. அவிழ்த்து எடுத்துவந்து தலையணைக்கடியில் வைத்தேன். மனசு ஆறும் என்று நினைத்தேன். சாயங்காலம் முழுக்கக் காற்று, கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

அம்மா கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்து கீழே வைத்துவிட்டாள்.

30-11, ஞாயிறு. வெளிறிய வெயில்.

நேற்றுச் சாயந்திரம் நர்சரிக் கார்டு வந்தது. "செல்வி சௌந்தரம் அவர்களுக்கு. நலம்தானே? தங்கள் ரோஜாவுக்குப் பதில் வேறு அனுப்புகிறோம். ஒட்டுமா தழைத்ததா என்று தெரிவிக்கவும்." தங்கை என்று நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. அங்கே அக்கா உயிரோடு இருக்கிறாள். செடி தழைத்ததா என்று அவளைக் கேட்கிறார்கள்.

இன்று காலை அந்தக் கார்டையும் பூகோளப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். துளிர் தட்டையாகி, கறுத்து, பக்கத்தில் கறை.

"நான்தாம்மா அறுத்தேன்."

கன்னத்தில் ஓர் அறை. காது அடைத்துக்கொண்டது. அப்படியே நின்று சொன்னேன். ஒரு விரலின் மேல் இன்னொரு விரலை வைத்துக் காட்டி, இது கீழ்ச்செடி, இது மேலே ஒட்டினது, அக்கா படத்தில் பார்த்துக் கேட்டது இந்த மேலே உள்ளதைத்தான், கீழே வந்தது வேறே எதுவோ, இதை விட்டால் அது செத்துப்போகும் என்றேன். அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் தண்ணி ஊத்துனது?"

"அது குடிச்சிருச்சும்மா."

"யாரோ ஒருத்தியவா அவ பேரு சொல்லிக் கூப்புட்டேன்?"

அவள் கொல்லைக்குப் போய்க் குந்தினாள். ஒட்டுக்கு மேலே தண்டை நகத்தால் தானே கீறினாள். குனிந்து குனிந்து பார்த்தாள்.

"பச்சையா இது?"

"பச்சைதாம்மா. கொஞ்சம்."

"உங்கய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாரும் சேந்து எனக்குச் சோறு ஊட்டிருக்கீக" என்றாள். கோபமா இல்லையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கன்னத்தில் அறைந்த இடத்தைத் தடவினாள். கையில் மண்.

சாயங்காலம் அத்தை பெட்டி, சேலை என்று ஆரம்பித்தாள். அம்மா, "வைப்போம். மாசியில வைப்போம். இப்ப செடிகிட்டப் போயி எதுவும் பேசாத" என்றாள். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது.

4-12, வியாழன். காற்று அடங்கியது. கடல் இரைச்சல் வீடு வரை.

நர்சரிக்குக் கார்டு எழுதியாயிற்று. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "சௌந்தரம் புரட்டாசியில் இறந்துவிட்டாள். ரோஜா வேண்டாம். மா இன்னும் தெரியவில்லை." இறந்துவிட்டாள் என்ற சொல்லை அம்மா வாயால் இன்றுதான் கேட்டேன்.

தகரச் சீட்டைத் திருப்பிக் கட்டிவிட்டேன். சத்தம் வந்தால் வரட்டும்.

ஒட்டுக்கு மேலே, பழுப்பு நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே, கடுகளவு ஒரு புடைப்பு. கண் விடுகிறதா, பட்டை வெடிப்பா, தெரியவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"முளையா?"

"தெரியலம்மா."

"முளைன்னு சொல்லேன்."

"தெரியலையே."

புடைப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "ஏத்தா, உங்க டீச்சர் சொல்லுவாகளே, செடி ராத்திரியில உறங்குமா?"

இலை இல்லாத செடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். மரங்களுக்கு இருட்டும் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"விடிய விடியக் கண்ணுல வெளிச்சம் அடிச்சா யாருக்குத்தான் உறக்கம் வரும்" என்றாள்.

இப்போது இதை எழுதுகிறபோது கொல்லைக் கதவுப் பக்கம் நிற்கிறாள். செடியைப் பார்க்கிறாள். கை சுவிட்சில். அய்யா பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தகரச் சீட்டு ஒரு தடவை தட்டியது.

அணைத்துவிட்டாள். எழுத்து தெரியவில்லை, கை போகிற