முட்டு மாத்திரை

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு தீயாய்க் கொதிக்கிறதென்று டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். இந்தக் கன்னட ஊரின் மருந்துக்கடைக்காரர் அதை "முட்டு நிந்தவரிகெ" என்பார். முட்டு நின்றவர்களுக்கு என்று அர்த்தம்; கன்னடத்தில் முட்டு என்றால் மாதவிலக்கு. நான் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, முட்டு வலி மாத்திரை என்று நாத்தனாரிடம் சொல்லிவைத்தேன். அவர் தம்பி, என் வீட்டுக்காரர், செத்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் உனக்கு இது எதற்கு என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

இன்று அவர் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் முட்டு கொடையுது, ஒண்ணு குடுடி" என்றார். கொடுத்துவிட்டேன். வாயில் போட்ட பிறகுதான் அவருக்கு மார்பில் புற்றுக்கட்டி எடுத்தது நினைவுக்கு வந்தது. மார்பில் கட்டி உண்டா, இருந்தால் இந்த மாத்திரை ஆகாது என்று டாக்டரம்மா என்னிடம் இரண்டு தடவை கேட்டிருந்தார்.

"துப்புங்க அண்ணி!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டினேன். உண்மையையும் சொன்னேன்.

என் கையில் துப்பிவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்போ தெனம் உன் தலகாணி நனைஞ்சது வேர்வையாடி? தம்பிய நெனச்சு அழுவறேன்னு நானும்ல கூட அழுதேன்."

அழுகையும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை போட ஆரம்பித்த இந்த ஒரு மாதமாகத் தலையணை நனையவே இல்லை.