பிளீசு சார்

தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம்,
12-3-1951.

என் கண்ணான மகன் அமிர்தலிங்கத்துக்கு, உன் அம்மா பாஞ்சாலை எழுதிக்கொள்வது. நான் நலம். தடுப்பு முகாமில் நீ எப்படி இருக்கிறாயோ, மாரியம்மன்தான் உனக்குத் துணை.

வரும் வெள்ளிக்கிழமை உன்னைச் சிரம்பானுக்குக் கொண்டுவந்து விசாரிக்கிறார்களாம். என்னையும் வந்து பேசச் சொல்லித் தோட்டத் துரை ஆள் அனுப்பினார். நல்லபடி முடிந்தால் விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே உனக்கு யாரடா இருக்கிறார்கள்? நீ பிறந்தது இந்த லயத்து வீட்டில். உன் அப்பாவைப் புதைத்ததும் இந்த மண்ணில்தான். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் குழாயடியில் செல்லம்மா, "ஒம் மவன் வாய்தான் லா அவனக் கொண்டுபோச்சு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை. அவள் புருஷன் செத்த அன்று, "ரிட்டையர் ஆயிட்டாரே" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, அந்த வார்த்தைக்கு அது அர்த்தமில்லை என்று பிணத்துக்கு முன்னால் நின்று திருத்தினவன்தானே நீ! தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்த நாளிலிருந்து உனக்கு இதே பிழைப்பு. நான் 'இஸ்கூல்' என்றால் முகம் சுளிப்பாய். 'இஸ்டோர்' என்றால் தலையில் அடித்துக்கொள்வாய். ஊரடங்கைக் 'கர்ப்பூ' என்றால், "கர்ஃபியூன்னு சொல்லும்மா, மானம் போவுது" என்பாய். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற நேரத்தில் இது ஒரு கேடா என்று நானும் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

வீட்டோடு விட்டாயா? வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம் தெரிந்தும் நம் லயத்து வீரமுத்து பொட்டலத்தோடு கேட்டில் மாட்டிக்கொண்டான். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கா என்று போலீஸ் துரை அவனை விசாரித்தார். அதை மொழிபெயர்த்தவரின் இங்கிலீஷைக் கேட்டு அத்தனை பேர் முன்னால் நீ சிரித்தாய். வார்த்தைக்கு வார்த்தை திருத்தினாய். அந்த மனிதர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். மறுநாளே உன்னைத் தேடி ஜீப் வந்தது. நீயும் காட்டுக்காரர்களுக்கு வேண்டியவன் என்றார்கள். பசிக்குக் கொண்டுபோன சோறுதான் என்று வீரமுத்துவை விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் அதே ஆள்தான் மொழிபெயர்க்கிறாராம். நான் சொல்வதை அவர் எப்படிச் சொல்வாரோ, எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இரண்டு வார்த்தையாவது விசாரிக்கிறவர்களிடம் நேராக நானே சொல்லிவிடலாம் என்று, பால்வெட்டும்போது மரத்துக்கு மரம் நின்று சொல்லிப் பார்க்கிறேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி வரமாட்டேன் என்கிறது பாழாய்ப்போன நாக்கு. 'பிளீசு சார்' என்றுதான் வருகிறது. நேற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் நீலச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். விட்டுவிட்டால் போட்டுக்கொண்டு வரலாம், எடுத்து வருகிறேன்.

என் ராசா, பெற்றவள் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அன்றைக்கு அந்த மனிதர் எப்படிப் பேசினாலும் சிரிக்காதே. நான் தப்பாகச் சொன்னாலும் அங்கே என்னைத் திருத்தாதே. வீட்டுக்கு வந்து திருத்து. நாள் முழுக்கத் திருத்து, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாரியம்மன் உன் வாயைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாஞ்சாலை