பச்சைப்பயற்றுத் தலையணை

லாத்தா,

இன்று வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கலாம் என்று காலையில் ரவிக்கையைக் கழற்றினேன். தரையில் மாவு மாதிரி ஏதோ கொட்டியது. விரலில் தொட்டு முகர்ந்தால் பழைய பயற்றின் வாசனை. நீலக் கட்டம் போட்ட கைலித் துணியில் எனக்கு ஒரு குட்டித் தலையணை தைத்துக் கொடுத்தீர்களே, அதற்குள் இருந்த பச்சைப்பயற்றில் வண்டு விழுந்துவிட்டது. உதறியதும் நாலு வண்டுகள் அவசரமே இல்லாமல் வெளியே வந்து நடந்தன. என் நெஞ்சின்மேல் எத்தனை நாளாகக் குடித்தனம் நடத்தினவோ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால் சொல்ல ஆள் இல்லை. இவர் காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்திருந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிக்கக்கூடியவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது.

எங்களுக்குத் தோ பாயோவில் வீடு கிடைத்துவிட்டது. ஒன்பதாவது மாடி. சிராங்கூன் சாலையில் கடைவீட்டு மாடியில் ஆறு குடும்பத்துக்கு ஒரு குளியலறை என்று கிடந்தோம். இங்கே எனக்கே எனக்கென்று ஒரு குளியலறை, அதற்கு ஒரு தாழ்ப்பாள். எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி என்னைப் பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன், அதோடு சரி. பகல் முழுவதும் காற்றுச் சத்தம்தான் துணை. அங்கே கூட்டத்துக்குள் ஒளிய இடம் இல்லையே என்று அழுதேன். இங்கே வீடு முழுக்க ஒளிய இடம் இருக்கிறது, தேடி வரத்தான் யாரும் இல்லை.

உங்களை முதன்முதலில் பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியில். எனக்கு இடது மார்பை எடுத்து மூன்றாம் நாள். பக்கத்துக் கட்டிலில் நீங்கள், வலது பக்கம் முழுவதும் கட்டுப் போட்டு, ஒற்றைக் கையால் முக்காட்டைச் சரிசெய்து கொண்டிருந்தீர்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். "ஏம்புள்ள, செவத்துக்கிட்டயா கோவிச்சுக்கிட்டே? அது ஒண்ணும் பண்ணலியே" என்றீர்கள். ஜாலான் புசாரில் கைலிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, இரண்டு பெண்களுக்குத் தாய், என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதெல்லாம் அன்று மாலைக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா என்று கூப்பிட்டேன். "எங்க பக்கம் லாத்தாண்டுதான் சொல்லுவோம்" என்றீர்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

கை தூக்கும் பயிற்சி நினைவிருக்கிறதா? வார்டு நர்ஸ், அந்தச் சீன மிஸ்ஸி, தினமும் வந்து நம்மைச் சுவரோரம் நிறுத்துவாள். விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். நமக்குத் தோள்பட்டை கிழிந்துபோகிற மாதிரி வலிக்கும். அவளோ "திங்கி லாகி, திங்கி லாகி" என்று இன்னும் மேலே போகச் சொல்லி விரட்டுவாள். போன இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். உங்கள் கோடு எப்போதும் என் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலேயே இருந்தது. "நீ தோத்துட்டே லா" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்வீர்கள். சின்னப் பிள்ளைகள் மாதிரி போட்டி போட்டோம்.

ஒருநாள் சின்ன டாக்டரை நிறுத்தி வைத்து, மிஸ்ஸியை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டீர்களே, எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. எடுத்ததைத் திரும்ப வைக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். பாவம், அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. வெளிநாட்டில் சில டாக்டர்கள் முயற்சி செய்து பார்க்கிறார்களாம், இங்கே வர இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்றார். அவர் போன பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "பத்து வருஷம் கழிச்சு யாருக்கு வேணும்? நம்மள்ட்ட ஊசி இருக்கு, நூல் இருக்கு. நாமளே தச்சுக்குவோம் புள்ள."

அன்று சாயங்காலம்தான் என்னைக் குளிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனீர்கள். உங்கள் கட்டைப் பிரித்திருந்தார்கள். "பாரு" என்று சட்டையை விலக்கிக் காட்டினீர்கள். தையல் போட்ட இடம் சிவந்து வீங்கி, கறுப்பு நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன். "உன்னோடத காட்டு" என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். உங்களுக்குக் காட்டக் கூடாது என்றில்லை, லாத்தா. நானே அதைப் பார்த்திருக்கவில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன்.

வீடு திரும்பிய பிறகு, எனக்கு வயிற்றில் ஆப்பரேஷன் என்று கடைவீட்டில் இருந்த எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அதன் பலனை அனுபவித்தேன். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு மிளகாய் இல்லாத கஞ்சி கொண்டுவந்து ஊற்றினார்கள். இரண்டு மாதம்! மீன் குழம்பு வாசனை மாடி முழுக்க வரும், நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பேன். "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதும்பாங்க. ஒனக்குக் கஞ்சியாச்சும் கெடைக்குதே" என்று நீங்கள் கேலி செய்தீர்கள்.

இவர் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு மருந்து வாங்கி வந்தார். தண்ணீர் தூக்கி வைத்தார். ஆனால் முன்பு என் பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு கூரையைப் பார்த்துப் படுத்தார். அப்புறம் தனிப் பாய் விரித்துக்கொண்டார். வலிக்கும் என்றுதான் தள்ளிப் படுத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளையும் இல்லாத வீட்டில் இரண்டு பேர் இப்படி வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த நாட்களில் நான் மிகவும் தனியாக இருந்தேன். ஜாலான் புசாருக்கு நடந்து வந்து உங்கள் மாடிப்படி ஏறும் அரை மணி நேரம்தான் எனக்கு வாரத்தில் நல்ல நேரம்.

ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள முதலில் இலவம்பஞ்சு அடைத்துப் பார்த்தோம். கனமே இல்லை. தேக்கா சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது கழுத்தெலும்புக்கு ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம்தான் பச்சைப்பயறு. ஒரு கையில் பயற்றுப் பை, இன்னொரு கையில் உங்களுடைய மிச்சமிருந்த பக்கம், இரண்டையும் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, "ஒரு பிடி கொறச்சுக்க, நீ மெலிஞ்சவ" என்றீர்களே. தெருவில் எதிரே பார்த்தால் "தலவாணி சொகமா?" என்று கேட்பீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் நாம் மெத்தை வியாபாரம் பேசுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதல் தலையணையை நானே தைத்தேன். ஒரு மணி கூடச் சிந்தக் கூடாது என்று இரட்டைத் தையல். வியர்வை நாற்றம் வந்ததும் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே நனைத்து அலசிவிட்டேன். வெளியே மூங்கில் கழியில் எல்லார் துணியோடும் சேர்த்துக் காயப்போட முடியுமா? கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் இவர் மூக்கை உறிஞ்சி, "பயறு ஊறப் போட்டிருக்கியா?" என்றார். "ஆமா, சுண்டலுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் குனிந்து இழுத்துப் பார்த்தால், துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை! பொய் சொன்ன குற்றத்துக்கு, கடைக்கு ஓடிப் புதுப் பயறு வாங்கி, சாயங்காலம் சுண்டல் செய்து வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அந்த முளைவிட்ட பையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். அழத்தான் வந்தேன். நீங்கள் துண்டைப் பிரித்துப் பார்த்தீர்கள். ஒரு முளையை விரலால் தடவினீர்கள். பிறகு, "அல்லாவே, ஒம் மாரு மொளச்சிருச்சு புள்ள! அந்த டாக்டர்ட்ட போய்ச் சொல்லு, பத்து வருஷம் வேணாம், மூணு நாள் போதும்டு!" தையல் இழுக்கிறது, ஐயோ இழுக்கிறது என்று விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்தது, அதற்கும் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

அப்போதுதான் இந்த நீலக்கட்டத் தலையணையைத் தைத்தீர்கள். அதன் வாயில் நாடா கோத்து, பயற்றைக் கொட்டிவிட்டுத் துணியை மட்டும் துவைக்கும்படி. "தொவச்சா வெயில்ல போடு. ஒளிச்சு வச்சா எதுவும் காயாது, மொளைக்கத்தான் செய்யும்" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பழையபடி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால்தான் காயப்போட்டேன்.

இரண்டு வருடத்தில் உங்களுக்கு அந்த நோய் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை முதுகெலும்பில். கடைசியாக நான் பார்க்க வந்தது ஒரு திங்கட்கிழமை. மாடியறையில் திரைக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். கை என் மணிக்கட்டைப் பிடித்தபோது குச்சி மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நான் காட்டுனேன், நீ காட்டல" என்றீர்கள். "இப்பக் காட்டு புள்ள. நல்லா ஆறிட்டா எப்புடி இரிக்கும்டு ஒரு தடவ பாக்கணும். எனக்குத்தான் இந்த நோவு ஆற விடலியே."

"கீழ கடையில ஆம்பளைங்க இருக்காங்க லாத்தா. யாராச்சும் மேல வந்துட்டா?"

"அப்ப வெள்ளிக்கெழம வா. ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் பள்ளிக்குப் போயிருவாங்க. நாம மட்டும்தான்."

"வர்றேன்" என்றேன்.

கீழே ஆண்கள் இருந்தது உண்மைதான். ஆனால் உங்கள் அறைக்குள் கேட்காமல் ஒருவரும் வரமாட்டார்கள், திரையும் போட்டிருந்தது. நான் சொன்னது சாக்கு. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் எனக்கு நான்கு நாள் தவணை கொடுத்தீர்கள்.

புதன்கிழமையே ஆள் வந்து, நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொன்னார். ஓடி வந்தேன். வீடு நிறையப் பெண்கள். உள்ளே வெள்ளைத் துணி மறைத்து உங்களைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் நின்றேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்களுக்கு உங்கள் தழும்பு புதிது. எனக்கு அது பழக்கமானது. உள்ளே போய் நிற்க வேண்டியவள் நான்தான் என்று தோன்றியது. ஆனால் எந்த முகத்தோடு போவது?

இந்த மூன்று வருடமும் இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன், லாத்தா. ஒரு நிமிட வேலை. ரவிக்கையின் நாலு கொக்கி. சாகப்போகிறவர் கேட்ட ஒன்றே ஒன்றை நான் கொடுக்கவில்லை.

இன்று வண்டு விழுந்த பயற்றைக் கொட்டினேன். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். வழக்கம்போல ஒளிக்க இடம் தேடிப் போனவள் நடுக்கூடத்தில் நின்றுவிட்டேன். இந்த வீட்டில் யாரிடமிருந்து ஒளிக்கிறேன்? மூங்கில் கழியில் கோத்தேன். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற குழாயில் அந்தக் கழியைச் சொருக இரண்டு கையையும் நன்றாக உயர்த்த வேண்டும். இடது கை தகராறு செய்தது. "திங்கி லாகி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். ஏறிவிட்டது. ஒன்பதாவது மாடியில், தோ பாயோ முழுவதும் பார்க்க, உங்கள் நீலக்கட்டத் துணி இப்போது காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அது காயும்வரை எனக்கு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. குளித்துவிட்டு வந்து, அறைக்கதவைத் தாழிட்டு, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணை மூடவில்லை.

அக்குளில் ஆரம்பித்து நடு நெஞ்சுவரை சாய்வாக ஒரு கோடு போகிறது. சிவப்பெல்லாம் போய்விட்டது. வெளுத்த நூல் மாதிரி இருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிய இடம் மட்டும் கொஞ்சம் பளபளப்பு. விலா எலும்பை எண்ணலாம். தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறது, வலி இல்லை. நான் இத்தனை வருடம் பயந்த அளவுக்கு அசிங்கமாகவும் இல்லை. இன்னொன்று, இதை உங்கள் தழும்பில் பார்த்திருக்க முடியாது, உங்களுக்கு வலதுதானே. எனக்கு இடது என்பதால், அந்த மெல்லிய தோலுக்கு அடியில் இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தூக்கித் தூக்கிப் போடுகிறது.

மணி ஒன்றரை. ஜும்மாவுக்கு ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரம். கதவு தாழிட்டிருக்கிறது. நான் இன்னும் ரவிக்கை போடவில்லை.

ஆறிவிட்டால் இப்படித்தான் இருக்கும், லாத்தா. பாருங்கள்.