காந்த நடுக்கோட்டின் இரு பக்கம்

2025 மே 20, செவ்வாய்

கொழும்பிலிருந்து கோப்பாய் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலை முழுகினேன். கோபம் போகவில்லை.

ஆய்வுக் குழுவில் நான் சொன்னது இவ்வளவுதான். பூமியின் காந்த நடுக்கோடு இந்தத் தீவைக் குறுக்கே வெட்டிப் போகிறது. காந்தக் கணக்கில் கோப்பாய் வட அரைக்கோளம், மாத்தறை தென் அரைக்கோளம். போன ஐப்பசியில் சூரியன் கிளப்பிய காந்தப் புயல் அடித்தபோது எங்கள் கூரைக்கு மேலே, வானத்தின் மேலடுக்கான அயன் மண்டலத்தில் இலத்திரன்கள் கூடின. மாத்தறையில் என் தோழி நிலூக்காவின் கூரைக்கு மேலே குறைந்தன. இருவரும் செயற்கைக்கோள் அலையைப் பிடிக்கும் பெட்டி வைத்து அளந்தோம்.

குழுத் தலைவரின் முகம் மாறியது. "வடக்கு, தெற்கு, வெட்டும் கோடு, இதெல்லாம் வேண்டாம். சராசரி போடுங்கள். வரைபில் நாட்டுக்கு ஒரு கோடு போதும்." பெட்டியில் பிழையும் இருக்கலாமாம். சொன்னதைக் கேட்காவிட்டால் என் கலாநிதிப் பட்டம் தள்ளிப் போகுமாம்.

கூடியதையும் குறைந்ததையும் சேர்த்தால் என்ன வரும்? ஒன்றுமே நடக்கவில்லை என்று வரும். நடந்தது. மாட்டேன்.

மே 21

அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தா.

"உவையளோடை ஏன் பிள்ளை கொழுவுறாய்? கேட்டதைக் குடுத்திட்டுப் பட்டத்தை வாங்கன்."

"அந்தக் கோடு நான் கீறினதோ அம்மா?"

கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

மே 25

அநுராதபுரம் பஸ் நிலையத்தில் நிலூக்காவைச் சந்தித்தேன். பெட்டியையும் அதன் அன்ரனாவையும் மாற்றிக்கொண்டோம். பிழை பெட்டியில் என்றால், மாத்தறையில் கண்ட குறைவும் அந்தப் பெட்டியோடு கோப்பாய்க்கு வரவேண்டுமே. பார்ப்போம்.

மே 28

புயல் இல்லை. சூரியனைத் திட்டினேன்.

ஜூன் 2

நேற்று அடித்தது. கோப்பாயில் கூடியது, மாத்தறையில் குறைந்தது — பெட்டிகள் இடம் மாறியும் அப்படியே! அழுகை வந்துவிட்டது. என்னத்துக்கு அழுறன்? இனி ஆராவது பெட்டியில பிழை எண்டு சொல்லட்டும், பாப்பம்.

ஜூன் 9

பெட்டிக் கதை முடிந்தது. சராசரி மட்டும் இன்னும் வேண்டுமாம். தலைவர் நிலூக்காவைத் தனியே கூப்பிட்டு, சராசரிக்குச் சம்மதித்தால் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது என்றிருக்கிறார். அவருக்கு அவள் சிங்களத்தில் சொன்னதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் எழுதி வைக்கிறேன்.

"என் வீடு தெற்கில். அவள் வீடு வடக்கில். சராசரியில் எங்கள் இருவருக்கும் வீடு இல்லை."

ஜூன் 10

இரண்டு கோடுகளோடும் கட்டுரையை அனுப்பிவிட்டோம். பட்டம் வரும்போது வரட்டும்.

முற்றத்தில் சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியை ஓங்கி அன்ரனாவில் இருந்த காகத்தைக் கலைத்துக்கொண்டு நின்றா.

"அது மாத்தறைப் பிள்ளையின்ரை சாமான். அங்காலை போ."